உறையின் மேல் எழுதியவள்

வில்லுக்குறி

நாகர்கோவிலை விட்டு மேற்கே கிளம்பியதும் காற்று கனத்துவிடுகிறது. பார்வதிபுரம் தாண்டி வில்லுக்குறி வருவதற்குள் வேளிமலை பாதி மேகத்துக்குள் போயிருந்தது. வாய்க்காலில் தண்ணீர், கரையில் வாழை, வாழைக்குப் பின்னால் தென்னை, மேட்டில் ரப்பர். பச்சைக்கு நடுவே மண் தெரிவதே அரிது. தெரிந்த இடத்தில் சிவப்பாக இருந்தது.

நான் சாத்தூர்க்காரன். எங்கள் கரிசலில் ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை பெய்தால் அதுவே ஒரு வருஷத்துப் பேச்சு. இங்கே ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமும் பெய்கிறது, ஐப்பசியில் வடகிழக்கும் பெய்கிறது. இந்த வித்தியாசத்தை நான் பயிரைவிடத் தாளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்கள் காய்ந்து, மடிப்பில் விரல் பட்டால் அப்பளமாக நொறுங்கும். நாஞ்சில் நாட்டுத் தாள் ஈரம் குடித்துத் துவண்டுபோகும். மழை நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். சட்டத்துக்குள் இருக்கும் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும்.

தக்கலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவருடைய அம்மாவுக்கு வந்த கடிதங்களும் சில போட்டோக்களும். எழுதியவர் அவருடைய அப்பா. எழுதியபோது அவர் கணவர் ஆகியிருக்கவில்லை. நிச்சயம் செய்து, கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே பட்டாளத்துக்குப் போனவர். பெட்டியைக் காப்பாற்ற வழி கேட்டு ஒரு நண்பர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். பழைய தாள்களோடு புழங்கிப் பழகியவன் என்பதால் கிளம்பிவிட்டேன்.

புலியூர்க்குறிச்சி

தக்கலைக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் நடந்தேன். இப்போது வனத்துறையின் பூங்கா. மரங்கள் அடர்ந்து, கோட்டைக்குள் இருக்கிறோம் என்பதே சற்று நேரம் மறந்துபோகிறது. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிக்கிய டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே மன்னருக்குப் படை நடத்தி, 1777-ல் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். கூரையில்லாத தேவாலயத்துக்குள் அவருடைய கல்லறைக் கல். அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே அவர் மனைவியும் மகனும் அடங்கியிருக்கிறார்கள்.

கல்லின் முன் வெகுநேரம் நின்றேன். தளபதியின் பெயர், பதவி, போர் எல்லாம் அதில் உண்டு. கைதியாக வந்தவரோடு இங்கே குடும்பம் நடத்திய அந்தப் பெண் என்ன நினைத்தாள், யாருக்கு என்ன எழுதினாள் என்று கல்லில் தேடிப் பயனில்லை. தக்கலை நோக்கி நடக்கும்போது இந்த எண்ணம் கூடவே வந்தது. மறுநாள் வரை அது விடவில்லை.

தக்கலை, சந்தைப் பக்கம்

சாயாக்கடையில் பழம்பொரி சுடச்சுட வந்தது. எங்கள் ஊரில் வாழைக்காய் பஜ்ஜிதான்; பழுத்த நேந்திரத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கடைக்காரர் தார் தாராகத் தொங்கவிட்டிருந்த மட்டிப்பழத்தில் இரண்டைப் பிய்த்து, காசு வாங்காமல் கையில் வைத்தார். விரல் நீளம்தான். ஆனால் தோலை உரித்ததுமே மணம் கடை முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த மேசையில் தமிழில் தொடங்கிய பேச்சு மலையாளத்தில் ஓடித் தமிழில் வந்து முடிந்தது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அங்கிருந்து பீர்முகம்மது அப்பா தர்கா நடக்கும் தூரம்தான். அந்த ஞானியின் ‘ஞானப்புகழ்ச்சி’யை ரஜப் மாதத்தில் ஓர் இரவு ஊரே கூடி உட்கார்ந்து விடிய விடிய ஓதுவார்கள். ஏட்டில் இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை வாயில் எடுத்துக் காப்பாற்றிவரும் ஊர் இது. பூட்டி வைத்துக் காப்பதைவிடத் திறந்து புழங்கிக் காப்பது நல்லது என்று யாரும் இங்கே பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சந்தைப் பக்கத்துச் சந்தொன்றில் ஒரு ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸும்தான் இப்போது வருமானம். உரிமையாளரை எல்லாரும் அண்ணன் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய அப்பா காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள் என்ன ஆயின என்று கேட்டேன்.

“அதா? கழுவி எடுத்தா நல்ல கண்ணாடி கிடைக்கும்லா. சட்டம் போடுகவனுக்குக் குடுத்தோம். அப்ப அதுக்க மதிப்பு யாருக்குத் தெரியும்?” என்றார். பின்னால் வந்த பிலிம் நெகட்டிவ்களைப் பரணில் வைத்திருந்தார்கள். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் கூரை ஓட்டைப் பிடுங்கியபோது எல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இந்த இழப்பு தக்கலையோடு நிற்பதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஜோயி ஹெட்லியும் உடன் உழைத்தவர்களும், 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் அதற்குப் பணம் தந்தது. எடுத்தவரிடம் நெகட்டிவ் இல்லை என்றால், படமாக நின்றவரின் வீட்டில் இருக்கும் ஒற்றைப் பிரதிதான் மிச்சம். அண்ணன் கடையில் நெகட்டிவ் போனது என்றால், தக்கலையைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் சுவரில் தொங்குவதே மூலம் ஆகிவிட்டது என்று பொருள்.

தக்கலை, டீச்சர் வீடு

ஓட்டு வீடு. முற்றத்தில் பலா. டீச்சருக்கு எண்பதை நெருங்கும் வயது. வாசலிலேயே, “சாப்பிட்டுட்டுப் பெட்டியைத் தொறப்போம் தம்பி, கை கழுவிக்கிட்ட மாதிரியும் ஆச்சு” என்றார். சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு, அவித்து மயக்கிய மரச்சீனி. மரச்சீனியைப் பரிமாறும்போதே கதை தொடங்கிவிட்டது.

1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. திருவிதாங்கூர் உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது, அது நின்றது. 1880-களில் விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய மரச்சீனிதான் பல வீடுகளில் அடுப்பை எரியவைத்தது. அரிசி கிடைக்கிறதா, கிழங்குதானா என்று பட்டாளத்திலிருந்து அப்பா விடாமல் கேட்டிருக்கிறார். “காதல் கடுதாசின்னு நினைச்சுப் பிரிச்சா, முக்கால்வாசி சாப்பாட்டு விசாரணையாக்கும்” என்று டீச்சர் கண் நிறையச் சிரித்தார்.

பிறகு பெட்டியைக் கொண்டுவந்தார். பலகையில் செய்த சின்னப் பெட்டி, பித்தளைக் கொண்டி. திறக்கும் முன் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

“எனக்க அம்மைக்க பெட்டியாக்கும் இது. உள்ள எழுதியிருக்கது அவிய ரெண்டு பேருக்கும் உள்ளது. அதை நீங்க எழுதப்பிடாது. வெளிய இருக்கத எழுதிக்கிடுங்க.”

அந்தச் சொல்லை மீறாமல்தான் இதை எழுதுகிறேன். வெளியே இருந்ததே எனக்கு நிறையக் கிடைத்தது.

நாகர்கோவிலில் மிஷன்காரர்கள் 1819-லேயே பெண்களுக்குப் பள்ளி வைத்துவிட்டார்கள். பின்னால் டதி பள்ளி என்று பெயர் பெற்றது அதுதான். திருவிதாங்கூரில் பெண்ணுக்குக் கடிதம் போட்டால் அவளே பிரித்துப் படிப்பாள், அவளே பதில் எழுதுவாள் என்ற நிலை 1940-களில் பல குடும்பங்களில் இருந்தது. டீச்சரின் அம்மா விடுதியில் தங்கிப் படித்தவர். நெய்யூர் ஆஸ்பத்திரியில் வேலை பழகி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போன முறை மாப்பிள்ளை இவருக்கு நேரடியாகவே எழுத முடிந்தது. அண்ணன்மார் படித்துக் காட்ட வேண்டியிருந்தால் இந்தக் கடிதங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும். பாதி எழுதப்பட்டே இருக்காது.

முதல் உறையைக் கையில் எடுத்தேன். அழுக்கு மஞ்சளாகிவிட்ட மெல்லிய தாள். முகவரி காப்பியிங் பென்சிலில். காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம். ஈரம் பட்ட இடத்தில் ஊதாவாகக் கசிந்து பரவும். ‘தக்கலை’ என்ற சொல்லின் ‘லை’ மட்டும் ஊதாப் பூவாக விரிந்திருந்தது. அஸ்ஸாமின் மழையோ இங்கத்திய மழையோ, ஏதோ ஒன்றின் துளி. அனுப்பிய ஊர் இல்லை. களத் தபால் நிலையம், ஓர் எண், அவ்வளவுதான். படை எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு எண் வைத்தார்கள். எந்த எண் எந்தக் காலத்தில் எங்கே இருந்தது என்று தபால்தலைச் சேகரிப்பாளர்கள் பின்னால் பட்டியல் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே உறையும் முத்திரையும் இருந்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உறையை எறிந்த வீட்டில் அது முடியாது.

மூலையில் தணிக்கை முத்திரை, பக்கத்தில் யாரோ ஓர் அதிகாரியின் கிறுக்கல் கையெழுத்து. அந்தப் போரில் இந்தியப் படை 25 லட்சம் பேருக்கு மேல் வளர்ந்தது. அவர்களின் கடிதங்களைத் தணிக்கையாளர்கள் படித்து, தேவைப்பட்ட வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக மேலே அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தியா குப்தா போன்ற ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு அந்தப் போரின் மனநிலையை எழுதியிருக்கிறார்கள். மூலக் கடிதங்களோ பெரும்பாலும் இல்லை. தமிழில் ஒருவன் எழுதிய ஏக்கம் ஆங்கிலத்தில் நாலு வரியாக அரசாங்கக் காப்பில் இருக்கிறது. அவன் எழுதிய தமிழ் இருந்தால் இப்படி ஒரு பெட்டியில்தான் இருக்க வேண்டும். டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் பெட்டியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

உறையைத் திருப்பினேன். பின்புறத்தில், சின்னச் சின்ன எழுத்தில், வேறொரு கை: ‘1119 பங்குனி 8 வந்தது.’

கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் 1944. பங்குனி 8 என்றால் மார்ச் மூன்றாம் வாரம். உள்ளே அவர் போட்ட தேதியை மட்டும் டீச்சர் காட்டினார்: 15-2-44. பட்டாளத்து வழக்கப்படி ஆங்கிலத் தேதி. ஐந்து வாரம் பயணம் செய்திருக்கிறது கடிதம். இங்கே அப்போது ரயில் கிடையாது; 1979-ல்தான் வந்தது. மலை, ஆறு, ரயில், லாரி, கடைசியில் யாரோ ஒருவரின் தோள்பை. அவர் எழுதிய நாளும் இவள் வாங்கிய நாளும் ஒரே உறையில் இரண்டு காலக்கணக்கில் நிற்கின்றன. கொல்லம் ஆண்டு தெரியாத பேரப்பிள்ளைகள் அந்த 1119-ஐ ஏதோ நம்பர் என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த உறையிலும் அதே கை. அதற்கடுத்ததிலும். ‘வந்தது’ என்பதோடு சிலவற்றில் ‘பதில் போட்டேன்’ என்றும் தேதியோடு இருந்தது. ஓர் உறையில் மட்டும் ‘இரண்டு சேர்ந்து வந்தது.’ இம்பாலும் கோகிமாவும் முற்றுகையில் இருந்த 1944 ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே எந்த உறையும் இல்லை. அதன் பிறகு வந்தவைதான் அந்த இரண்டும்.

பெட்டியில் அவர் எழுதியவை இருக்கின்றன. இவர் எழுதிய பதிலில் ஒன்றுகூட இல்லை. கூடாரமும் சேறும் இடம்பெயர்தலுமாக இருந்த மனிதன் கடிதங்களை எங்கே வைத்துக் காப்பான்? வீட்டில் இருந்தவள் காத்தாள், களத்தில் இருந்தவனால் முடியவில்லை. இதனாலேயே போர்க்காலக் கடிதக்கட்டு எங்கே கிடைத்தாலும் ஆணின் குரலே கேட்கிறது. அவருக்கு டீச்சரின் அம்மா எழுதியதன் தடம் இந்த உறைகளின் முதுகில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. உறையை எறிந்தால் அவரையே எறிந்ததாகிவிடும்.

டீச்சர் உள்ளே போய் ஒரு புத்தகத்தோடு வந்தார். இளையபாரதி தொகுத்த ‘கண்மணி கமலாவுக்கு’. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை. போர்க்காலக் கடிதங்களும் அவற்றில் உண்டு. கமலா திருவனந்தபுரத்துப் பெண். புதுமைப்பித்தன் 1948-ல் கண்மூடியதும் அங்கேதான். “இவ்வளவு பெரிய எழுத்தாளனுக்க கடுதாசியும் ஒருத்தி எடுத்து வச்சதுனாலதானே நமக்குக் கிடைச்சுது. அவளும் கதை எழுதினவளாக்கும்” என்றார். நாற்பது வருஷம் தமிழ் நடத்தியவரின் கோபம் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு.

பெட்டிக்குள் இன்னொரு வகை உறைகளும் இருந்தன. விடுதியிலிருந்து வீட்டுக்கு இவர் போட்டவை. திருவிதாங்கூருக்கென்று தனித் தபால் இருந்தது, அஞ்சல் என்றே பெயர். 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. சங்கு முத்திரை போட்ட தபால்தலைகள். அந்த உறைகளில் எல்லாம் வலது மேல் மூலையில் சதுர ஓட்டை. எழுபதுகளில் தபால்தலை சேர்த்த ஒரு வீட்டுப் பையன் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறான். தபால்தலையோடு முத்திரையின் தேதியும் போயிற்று. இந்தக் கட்டில் ராணுவ உறைகளில் தபால்தலை இல்லாததால் கத்தரி அவற்றைத் தொடவில்லை.

போட்டோக்கள் மூன்றுதான் பெட்டியில் இருந்தன. மற்றவற்றைப் பிள்ளைகள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் டீச்சரின் அம்மா, பதினேழு பதினெட்டு வயதில். படிக்கட்டும் வளைவும் வரைந்த திரைச்சீலையின் முன், முக்காலியில் ஒரு கையை ஊன்றி, மறு கையில் புத்தகம். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கறுத்த பகுதிகளின் ஓரம் பாதரசம் பூசினாற்போல மின்னியது. படத்துக்குள் இருக்கும் வெள்ளியே ஈரத்தில் இளகி மேலே வந்து படிவது அது. துணியால் துடைத்தால் படமும் சேர்ந்து போகும். நான்கு மூலையும் மழுங்கியிருந்தன. மேலிருந்து கீழே ஒரு மடிப்பு. அவர் சட்டைப்பையில் இருந்து திரும்பி வந்த படம். பின்னால், திரும்பி வந்தபின் அவர் எழுதியது: திமாப்பூர், கோகிமா. கடிதத்தில் எழுத அனுமதி இல்லாத ஊர்ப்பெயர்களை அவளுடைய படத்தின் முதுகில் எழுதி வைத்திருக்கிறார்.

அன்று மாலை வரை வேலை செய்தோம். துருப்பிடித்த குண்டூசிகளைத் தாள் கிழியாமல் எடுத்தோம். மேல் கடிதத்தோடு உருகி ஒட்டியிருந்த ரப்பர் பேண்டை இழுக்காமல் விட்டு, தளர்ந்த துண்டுகளை மட்டும் நீக்கினோம். அந்துருண்டைகள் வெளியே போயின. வசம்பைத் துணியில் முடிந்து, தாளில் படாதபடி மூலையில் வைத்தோம். இராமபாணப் பூச்சிக்கு அது போதும் என்று டீச்சரின் அம்மா காலத்து அனுபவம் சொல்கிறது. ஒவ்வொரு கடிதமும் அதனதன் உறையோடு, மெல்லிய பென்சிலில் மூலையில் எண். ஸ்கேன் செய்தபோது முன்னும் பின்னும் தனித்தனியாக, வெற்றுப் பக்கம் என்று தோன்றியதையும் விடவில்லை. லேமினேட் செய்துவிடலாம் என்று பேரன் போனில் சொன்னான். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் ஈரமும் அமிலமும் வெளியேற வழியில்லாமல் தாளைத் தின்னும் என்று விளக்கினேன். உடனே ஒப்புக்கொண்டான்.

பத்மநாபபுரம்

மறுநாள் காலையில் போனேன். தக்கலையிலிருந்து சிறிது தூரம்தான். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956 நவம்பர் 1-ல் இந்தப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தபின்பும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. எல்லாரும் மணிக்கூட்டையும் கறுத்துப் பளபளக்கும் தரையையும் பார்க்கிறார்கள். நான் சன்னல்களைப் பார்த்தேன். மரச்சட்டங்களுக்கு இடையில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. இந்த மழை நாட்டில் இத்தனை மரம் இத்தனை நூற்றாண்டு நிற்பதற்கு அந்தக் காற்றோட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வெளிச்சுவரை ஒட்டி இறுகப் பூட்டிய இரும்பு பீரோவுக்குப் பெட்டியை மாற்ற டீச்சர் எண்ணியிருந்தார். நடு அறையில், தரையிலிருந்து உயர்த்தி, பலகைப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று அங்கிருந்தே போன் செய்து சொன்னேன்.

நெய்யூர்

தக்கலையிலிருந்து இரணியல் வழியாக நெய்யூர். 1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது. டீச்சரின் அப்பா வேலை பழகிய இடம் என்பதால் பார்க்க வந்தேன். அவர் காலத்தில் இங்கே தலைமை அறுவை மருத்துவராக இருந்தவர் ஹோவார்ட் சோமர்வெல்.

முதல் உலகப்போரில் 1916-ல் சோம் களத்தில் காயம்பட்டவர்களுக்குக் கத்தி பிடித்தவர். 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றியபோது நெய்யூருக்கு வந்து, நோயாளிக் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் பார்த்து, லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட். அங்கே, உச்சிக்குக் கிளம்பிய ஜார்ஜ் மலோரிக்குத் தன்னுடைய சின்ன கோடக் கேமராவைக் கொடுத்தார். ஜூன் 8-ல் மலோரியும் உடன் ஏறிய இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். 1999 மே 1-ல் மலோரியின் உடல் கிடைத்தது. கேமரா அவரிடம் இல்லை. உச்சியில் வைப்பதாகச் சொல்லி எடுத்துப்போன மனைவியின் படமும் இல்லை. சட்டைக்குள் கடிதங்கள் இருந்தன. 75 வருஷம் பனியில் கிடந்தும் அவற்றைப் படிக்க முடிந்தது. அந்தக் குளிரும் வறட்சியும் காத்த தாளைத் தக்கலையின் ஒரு ஆடி மாதம் முடித்துவிடும்.

மலோரிக்கும் ரூத்துக்கும் கல்யாணம் 1914 ஜூலை 29. ஆறாம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. பின்னர் அவரும் பீரங்கிப் படையில் அதே சோம் களத்துக்குப் போனார். 1914 முதல் 1924 வரையிலான கடிதங்கள், பெரும்பாலும் கணவன் மனைவிக்கு இடையில் நடந்தவை, சுமார் 840, கேம்பிரிட்ஜின் மேக்டலின் கல்லூரியில் இருக்கின்றன. 2024-ல் நூற்றாண்டை ஒட்டி யாரும் படிக்கும்படி அவற்றை வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய கட்டிலும், எவரெஸ்ட் பயணங்களின் காலத்தில் ரூத் எழுதியவற்றில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று.

கேம்பிரிட்ஜ் ஆனாலும் தக்கலை ஆனாலும் இதே கதைதான். போனவனின் கடிதத்தைக் காத்திருந்தவள் வைத்திருக்கிறாள். அவள் எழுதியது வழியில் தொலைந்துபோகிறது. கல்லூரியிடம் ஆள் உண்டு, பணம் உண்டு, குளிர்ந்த அறை உண்டு. ஆனால் 1119 பங்குனி 8-ல் கடிதம் கையில் கிடைத்ததும் பிரிப்பதற்கு முன்போ பின்போ ஒரு பெண் பென்சிலைத் தேடி எழுதி வைத்த குறிப்பு, அத்தனை உறைகளிலும் விடாமல், தக்கலைக்கு வாய்த்திருக்கிறது. அந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்தினாலே அவர் எழுதிய பதில்களின் நாட்குறிப்பு ஒன்று கிடைத்துவிடும்: எப்போது எழுதினார், எத்தனை நாள் காத்தார், எந்த மாதம் ஒன்றும் வரவில்லை. சொற்கள் போனாலும் இவ்வளவு மீட்கலாம்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்றபோது, மூட்டையோடு நின்ற ஒரு அம்மா எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். “அங்கெல்லாம் மழை இல்லேல்லா, எப்படித்தான் இருக்கியளோ” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

திங்கள்சந்தை

நெய்யூரிலிருந்து திரும்பும்போது திங்கள்சந்தையில் பஸ் மாற வேண்டும். டீச்சரின் போன் வந்தது. பெங்களூரில் இருக்கும் தங்கையிடம் காலையில் பேசினாராம். அம்மா இறந்தபின் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துப்போனதில், ஆல்பத்தோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் தங்கை பங்குக்குப் போயிருக்கிறது.

“டப்பாவுல என்ன இருக்குன்னு கேட்டேன் தம்பி. ஒண்ணுமில்ல அக்கா, வெறும் கவருதான், உள்ள கடுதாசி ஒண்ணும் இல்ல, தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போ எறிஞ்சிரலாம்னு இருந்தேன்னு சொல்லுகா.”

பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டீர்களா என்றேன்.

“கேக்காம இருப்பனா? பென்சில்ல சின்னதா தேதி போட்டிருக்காம். 1120, 1121-ன்னு. எறிஞ்சேன்னா பொறவு எனக்க வீட்டு நடையை மிதிக்கப்பிடாதுன்னு சொல்லிப்போட்டேன். அடுத்த மாசம் வாறாளாம், டப்பாவோட.”

பெட்டியில் நாங்கள் கடைசியாக எண் போட்ட உறை 1119 ஆனியில் நிற்கிறது. 1121 என்றால் 1946 வரை வந்துவிடும். அந்த வருஷம்தான் இருவருக்கும் கல்யாணம். உறைகள் வந்ததும் கடைசி எண்ணிலிருந்து தொடர்ந்து எண் போடச் சொன்னேன். கடிதம் இல்லாத உறைக்கும் தனி எண் வேண்டும், பின்பக்கத்தை முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தக்கலை பஸ் வந்துவிட்டது.